சட்டம் ஒன்று, கால அட்டவணை ஒன்று: தோட்டப்புறப் பட்டணத்தின் இடைநிலைப்பள்ளி எப்படி இயங்குகிறது?

2025 ஜூலையில் மலேசிய மக்களவை கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. தொடக்கக் கல்வி 2003 முதலே கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்குவதுதான் இந்தத் திருத்தத்தின் சாரம். செய்தி வந்ததிலிருந்து தோட்டப்புறக் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு. "பையன் மூணாம் பாரத்தோட (மூன்றாம் படிவத்தோடு) நின்னுட்டான், நம்மள கோர்ட்டுக்கு இழுப்பாங்களா?" என்று சிலர். "இப்பவே எல்லாப் பிள்ளையும் படிச்சிக்கிட்டுதானே இருக்கு, இதில என்ன புதுசு?" என்று வேறு சிலர்.

இரண்டுக்கும் பாதி விடைதான் சட்டத்தில் இருக்கிறது. மீதி விடை, பள்ளி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையிலும் வேன்காரரின் நேரத்திலும் இருக்கிறது. எந்தப் பாடம் எந்த நேரத்தில், யாருக்குக் காலை, யாருக்கு மாலை, கடைசி மணி எப்போது என்ற விவரங்கள்தான் ஒரு தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் படிவம் வரை போவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

தமிழ்ப்பள்ளி என்பது ஆறு ஆண்டுத் தொடக்கப்பள்ளி. ஏழு வயதில் சேர்ந்து பன்னிரண்டு வயதில் முடிப்பார்கள். அதை நடத்துபவர் தலைமையாசிரியர். அதற்குப் பிறகு வருவது தேசிய இடைநிலைப்பள்ளி. பேச்சில் எஸ்எம்கே. முதலாம் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம் வரை, 13 வயதிலிருந்து 17 வயது வரை. நடத்துபவர் முதல்வர். ஐந்தாம் படிவத்தின் முடிவில் எஸ்பிஎம் தேர்வு. சில பள்ளிகளில் ஆறாம் படிவமும் உண்டு, அதன் தேர்வு எஸ்டிபிஎம். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் நடக்கும். இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். தமிழ்வழி அரசு இடைநிலைப்பள்ளி என்று ஒன்று மலேசியாவில் இல்லை.

தோட்டப்புறப் பட்டணம் என்றால் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா மாதிரி ஊர்கள். 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. இன்றும் பெரியவர்கள் வாயில் அந்தப் பெயர்தான் வரும். ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் வளர்த்துவிட்ட ஊர், பிறகு செம்பனைக்கு மாறியது. பேராக்கில் சுங்கை சிப்புட், கெடாவில் பாடாங் செராய், ஜொகூரில் லாபிஸ், நெகிரி செம்பிலானில் பகாவ் என்று இந்த வகை ஊர்கள் நிறைய. இரண்டு மூன்று வரிசைக் கடைகள், ஒரு போலீஸ் நிலையம், ஒரு கிளினிக், கோயில், மசூதி, சீனர் கோயில். சுற்றிலும் பல கிலோமீட்டருக்குத் தோட்டம். பட்டணத்தின் ஓரத்தில் ஒரு திடலோடு நிற்கிறது இடைநிலைப்பள்ளி. கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பிள்ளை, கடைத்தெருச் சீனப் பிள்ளை, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை மூவரும் முதன்முதலாக ஒரே வகுப்பறையில் உட்காரும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இந்தப் பள்ளிகள் எப்போது, ஏன் வந்தன

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டத்தில் கல்வி தோட்டத்தோடு முடிந்துவிடும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பல நிர்வாகங்கள் பேருக்கு வைத்தன. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையோ கோயில் மண்டபமோ பள்ளி ஆகும். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) வாத்தியார் ஆவார். படித்து முடித்த பிள்ளை நேரே, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குத்தான் போகும். இடைநிலைக் கல்வி வேண்டுமென்றால் பெரிய பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குக் கட்டணம், ஆங்கிலம், தங்க இடம் மூன்றும் தேவை. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் மூன்றும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்த கதையாகப் படிக்கலாம்.

1. 1956இல் ரசாக் அறிக்கை, 1957இல் கல்விச் சட்டம். தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன, ஆனால் தொடக்கநிலையில் மட்டும்.

2. 1960இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961இல் புதிய கல்விச் சட்டம். தொடக்கக் கல்வி இலவசமானது. இடைநிலைக்குப் போக மட்டும் ஆறாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் பெரும்பாலோர் வடிகட்டப்பட்டார்கள்.

3. 1964இல் அந்த நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம், ஆக ஒன்பது ஆண்டுப் படிப்பு. தோட்டப்புறப் பட்டணத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது என் எண்ணம். திடீரென்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இடம் தேவைப்பட்டது. சிறுநகரங்களில் இடைநிலைப்பள்ளிகள் பெருகியது அதனால்தான். புதிய முறைக்குப் பெயரே பல்துறைக் கல்வி. மரவேலை, உலோகவேலை, மனையியல், வேளாண்மை, வணிகம் என்று கைத்தொழில் பாடங்களும் சேர்ந்து வந்தன. பழைய பள்ளிகளில் திடலுக்குப் பக்கத்தில் உயரமான கூரையும் இரும்புக் கதவும் போட்ட பட்டறைக் கட்டடத்தைப் பார்த்தால், அந்தக் காலத்து எச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அதே கட்டடத்தில் வாழ்வியல் திறன் பாடம் நடந்தது, இப்போது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் நடக்கிறது.

4. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பு மலாய்க்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அந்த மாற்றம் மேலே ஏறி 1976இல் முதலாம் படிவத்தையும் 1980இல் ஐந்தாம் படிவத்தையும் 1982இல் மேல் ஆறாம் படிவத்தையும் தொட்டது. ஆங்கிலம் தெரியாததால் விலகி நின்ற தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இனி மலாய் தெரிய வேண்டும் என்றானது.

5. மூன்றாம் படிவத்தில் இன்னொரு கதவு மூடியே இருந்தது. எல்சிஇ, பிறகு எஸ்ஆர்பி என்ற தேர்வில் தேறாதவர் நான்காம் படிவத்துக்குப் போக முடியாது. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களிடம் "எஸ்ஆர்பி ஃபெயில்" என்பது ஒரு கல்வித் தகுதி போலவே புழங்கியது. 1993இல் அதற்குப் பதிலாகப் பிஎம்ஆர் தேர்வு வந்தபோது நான்காம் படிவத்துக்குத் தானாகவே ஏறும் வழக்கமும் வந்தது. பிஎம்ஆர் போய் 2014இல் பிடி3 வந்தது, 2022இல் அதுவும் நிறுத்தப்பட்டது. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது.

ஆக, 1993க்குப் பிறகு எஸ்பிஎம் வரை ஒரு பிள்ளையை எந்தத் தேர்வும் வெளியே தள்ளுவதில்லை. கட்டணமும் தள்ளுவதில்லை. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். 2023 முதல் பள்ளித் தொடக்க உதவித்தொகையாக 150 ரிங்கிட், வருமானம் பார்க்காமல் தரப்படுகிறது. ஆனாலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஏன்?

புகுமுக வகுப்பு: ஓராண்டின் விலை

தமிழ்ப்பள்ளியிலிருந்தோ சீனப்பள்ளியிலிருந்தோ வரும் பிள்ளைக்கு மலாய் போதவில்லை என்றால் நேரே முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். பேச்சில் ரிமூவ் கிளாஸ், பள்ளியில் பெராலிஹான். யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் மலாய்த் தாள்களின் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்தார்கள். அந்தத் தேர்வு போனபின் பள்ளி அளவிலான மதிப்பீட்டில் பிள்ளையின் மலாய் அடைவுநிலையைப் பார்க்கிறார்கள். மலாய்வழித் தேசியப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த வகுப்பு கிடையாது.

யோசனையில் தவறில்லை. மலாய் புரியாமல் முதலாம் படிவ வரலாற்றுப் பாடத்தில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. அதற்கு முன் ஓராண்டு மொழியை ஊன்றிப் படித்தால் நல்லதுதான். உருப்படியாக நடத்திய பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள் தேறி மேலே போயிருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில்.

வயதைக் கூட்டிப் பாருங்கள். நேரே போன பிள்ளை 15 வயதில் மூன்றாம் படிவம், 17 வயதில் எஸ்பிஎம். புகுமுக வகுப்பு வழியாகப் போன பிள்ளை 16 வயதில்தான் மூன்றாம் படிவம். அவன் எஸ்பிஎம் எழுதும்போது 18. கூடப் படித்தவன் அதற்குள் தொழிற்சாலையில் சேர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பான். அப்பாவுக்கு முதுகுவலி வந்து அறுவடைக்குப் போக முடியாத வீட்டில், 16 வயதுப் பையனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு படிப்பு பாக்கி என்பது லேசான விஷயமில்லை. அந்த ஒரு ஆண்டு, படிப்பின் தொடக்கத்தில் சேர்ந்ததுதான். ஆனால் அதன் கணக்கு படிப்பின் முடிவில், வீட்டுக்குப் பணம் தேவைப்படும் வயதில், தீர்க்கப்படுகிறது.

இதோடு வகுப்பு நடக்கும் விதமும் சேர்கிறது. முதல்வருக்கு ஐந்தாம் படிவத்தின் தேர்ச்சி விழுக்காடு முக்கியம். அனுபவமுள்ள மலாய் ஆசிரியர் அங்கே போவார். புகுமுக வகுப்பில் தேர்வும் இல்லை, விழுக்காடும் இல்லை. அதனால் பல பள்ளிகளில் அட்டவணையில் மிச்சம் இருக்கும் ஆசிரியர், மிச்சம் இருக்கும் அறை, மாலை நேரம் ஆகியவை அந்த வகுப்புக்கு வந்து சேரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் பலன் என்னவோ அதுதான். வந்த முதல் ஆண்டிலேயே பிள்ளை தன்னைப் பள்ளியின் கடைசி வரிசை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது.

காலைப் பள்ளி, மாலைப் பள்ளி

வகுப்பறை போதாத பள்ளிகள் இரண்டு நேரமாக இயங்கும். மேல்படிவங்கள் காலையில் ஏழரை மணி வாக்கில் தொடங்கி இரண்டு மணி வாக்கில் முடிக்கும். கீழ்ப்படிவங்களும் புகுமுக வகுப்பும் ஒரு மணி வாக்கில் தொடங்கி மாலை ஆறரைக்கு முடிக்கும். மாலைப் பள்ளிக்கென்று தனியாக ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். பல பள்ளிகள் இப்போது ஒற்றை நேரத்துக்கு மாறிவிட்டன. மாறாத இடங்களில் இது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் பால்மரம் வெட்டும் குடும்பம் நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடும். செம்பனைக் குலை அறுப்பவரும் வெயிலுக்கு முன்னே கிளம்புபவர்தான். இப்போது தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறியவர்களில் நிறையப் பேர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட்.

இந்த வீட்டில் 13 வயதுப் பிள்ளை மாலைப் பள்ளி என்று வையுங்கள். அது கண்விழிக்கும்போது வீட்டில் யாரும் இல்லை. காலை முழுக்கத் தனியாக இருக்கும். பதினொன்றரைக்குக் குளித்து, உடுப்பை இஸ்திரி போட்டு, பன்னிரண்டு மணி வெயிலில் சந்திப்பில் போய் வேனுக்கு நிற்க வேண்டும். போகச் சொல்ல ஆள் இல்லை. போகாவிட்டால் கேட்கவும் ஆள் இல்லை. அப்பா அம்மா இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது பிள்ளை பள்ளியில் இருப்பதாக நினைப்பார்கள். பள்ளியில் கேட்டால் வரவில்லை என்பார்கள். இரவு ஏழரைக்கு எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, நான்கு மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதுக்குத் தூங்கப் போய்விடுவார்.

படிப்பை விடும் பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று இந்த ஆளில்லாத காலைகளில்தான் அது ஆரம்பிக்கிறது. "தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்லப்படும் வாசகத்தை இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகிறது

காலைப் பிள்ளைக்கு நாள் ஐந்தரைக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு வேன் தோட்டத்துக் கோயில் முன் ஹாரன் அடிக்கும். செம்மண் சாலையில் சுற்றிச்சுற்றி நான்கைந்து இடத்தில் ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் இறக்கும்போது ஏழு தாண்டியிருக்கும். வாசலில் மாணவத் தலைவர்கள் வரிசையாக நிற்பார்கள். முடி காலரைத் தொடுகிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, காலணி கறுப்பா என்று பார்ப்பது அவர்கள் வேலை. 2021 வரை வெள்ளைக் காலணியும் இருந்தது. ஞாயிறு மாலை அதற்கு வெள்ளை பூசிக் காயவைக்கும் வேலை ஒழிந்ததில் அம்மாக்களுக்குப் பெரிய நிம்மதி. பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, ஆலிவ் பச்சை நீளக் காற்சட்டை. பெண்பிள்ளைகளுக்கு நீலப் பினஃபோர் அல்லது பாஜு கூரோங். 2025 ஏப்ரல் முதல் சட்டையில் ஜாலூர் கெமிலாங் (தேசியக் கொடி) சின்னமும் உண்டு.

திங்கட்கிழமை சபைகூடல். திடலில் வரிசை கட்டி நின்று நெகாராகூ, மாநிலப் பண், பள்ளிப் பாடல் பாடி, ருக்குன் நெகாரா உறுதிமொழி எடுப்பார்கள். அப்புறம் கட்டொழுங்கு ஆசிரியரின் உரை. பசியாறாமல் வந்த பிள்ளை மயங்கி விழுவது பெரும்பாலும் இந்த உரையில்தான்.

பத்து மணி வாக்கில் இருபது நிமிட ஓய்வு. நாசி லெமாக் பொட்டலம், மீ கோரெங், ஐஸ் மைலோ. வரிசையில் பத்து நிமிடம் போய்விடும். நன்னெறிக் கல்வி வேளையில் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி. மற்றவர்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நடப்பார்கள். வெவ்வேறு வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்று கூடுவது அங்கேதான், ஊர்க் கதையெல்லாம் ஓடும்.

வகுப்புகளின் பெயர்கள் அறிவு, துணிவு, ஊக்கம் என்று பொருள்படும் நல்ல மலாய்ச் சொற்களாக இருக்கும். ஆனால் பல பள்ளிகளில் மதிப்பெண் வரிசைப்படிதான் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். எந்தப் பெயர் முதல் வகுப்பு, எது கடைசி வகுப்பு என்பது கேண்டீன் நடத்துபவர் வரை எல்லாருக்கும் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் புதன், பள்ளி முடிந்தபின் புறப்பாட நடவடிக்கை. சாரணர், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், கேடட், தமிழ்மொழிக் கழகம், கால்பந்து. இதை விளையாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாடம். வேன் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். நான்கு மணிக்கு இன்னொரு முறை வர வேண்டுமென்றால் வேன்காரர் தனிக் காசு கேட்பார். அவருக்கும் டீசல் செலவு இருக்கிறதே. பட்டணத்துப் பிள்ளை நடந்தே வீட்டுக்குப் போய்விடும். 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துப் பிள்ளை சங்கக் கூட்டத்துக்கு வராது. ஐந்து ஆண்டு கழித்து, ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவதன் காரணத்தைத் தேடினால் இந்தப் புதன்கிழமைகளில் வந்து முடியலாம்.

தமிழ் வகுப்பும் பதினைந்து பேரும்

இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி ஒரு பாடமாக உண்டு. விதி என்ன? குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. சட்டம் பேசுவது பள்ளி முழுவதற்குமான 15 மாணவர்களைப் பற்றி. ஒரு வகுப்புக்கு 15 என்றோ ஒரு படிவத்துக்கு 15 என்றோ அதில் இல்லை. "மூன்றாம் படிவத்தில் எட்டுப் பேர்தான், அதனால் முடியாது" என்று யாராவது சொன்னால், பள்ளியில் மொத்தம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

ஆனால் அனுமதி கிடைப்பதும் அட்டவணையில் இடம் கிடைப்பதும் ஒன்றில்லை. எட்டுப் பிள்ளைகள் நான்கு வகுப்புகளில் இருந்தால், நான்கு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் தமிழ்ப் பாடவேளை விழ வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் வேறு பாடம் வேண்டும். அட்டவணை போடும் ஆசிரியருக்கு இது தலைவலி. எளிய வழி, தமிழை அட்டவணைக்கு வெளியே தள்ளுவது. பள்ளி முடிந்தபின், அல்லது சனிக்கிழமை. தள்ளியவுடன் பழையபடி வேன் பிரச்சினை. எட்டுப் பேரில் ஆறு பேர் வருவார்கள். அடுத்த ஆண்டு நான்கு. பிறகு "பிள்ளைகளுக்கே ஆர்வமில்லை" என்று எழுதிவிடலாம். அட்டவணைக்குள்ளேயே தமிழுக்கு இடம் போட்டுக் கொடுக்கும் முதல்வர்களும் இருக்கிறார்கள், அது முடியாத காரியமில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

தமிழாசிரியர் கணக்கும் இதோடு சேர்ந்தது. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து இடைநிலைப்பள்ளிக்கு வருபவர்கள் உண்டு. சிறு பள்ளியில் தமிழுக்குப் போதிய பாடவேளை இல்லையென்றால் அவர் நன்னெறியும் வரலாறும் சேர்த்து எடுப்பார். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அந்த இடமும் வேறு பள்ளிக்கு மாறும். ஒருமுறை போனால் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

எஸ்பிஎம்மில் தமிழ்மொழி ஒரு பாடம், தமிழ் இலக்கியம் இன்னொன்று. 2009இல் எஸ்பிஎம் பாடங்களைப் பத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற அறிவிப்பு வந்தபோது தமிழ்ச் சமூகம் எதிர்த்தது. இலக்கியம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்பதே பயம். ஆண்டு இறுதியில் பத்தோடு இரண்டு என்று விதி மாறியது. ஆனால் இலக்கியத்துக்குப் பெரும்பாலான சிறுநகரப் பள்ளிகளில் பாடவேளையே இல்லை. தமிழாசிரியர் சொந்த நேரத்தில் சொல்லித் தருவதை நம்பித்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

நான்காம் படிவம்: எந்தப் பொட்டலம்?

அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை 2020இல் நீக்கப்பட்டது. இப்போது பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கலாம். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, அறிவியல், நன்னெறி அல்லது இஸ்லாமியக் கல்வி ஆகியவை பொதுவானவை. மீதி விருப்பம்.

தாளில் விருப்பம் நிறைய. ஆனால் 80 பேர் உள்ள நான்காம் படிவத்தில் ஒரு பள்ளியால் இரண்டு மூன்று தொகுப்புதான் ஓட்ட முடியும். கூடுதல் கணிதத்துக்கு ஓர் ஆசிரியர், இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர். அவர்கள் மாறிப் போனால் ஆள் வரும்வரை காத்திருப்பு. கணக்கியலும் வேதியியலும் சேர்த்து எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு அடுத்த பட்டணத்துப் பள்ளிதான் கதி. பெற்றோருக்கு என் யோசனை: மூன்றாம் படிவத்தின் நடுவிலேயே பள்ளியில் அடுத்த ஆண்டு என்னென்ன தொகுப்பு என்று கேட்டுவிடுங்கள். பள்ளி மாற்ற விண்ணப்பத்துக்கு நேரம் பிடிக்கும். தமிழ் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

மூன்றாம் படிவத்தில் இன்னொரு வழியும் பிரிகிறது. 2012 முதல் தொழிற்கல்விக் கல்லூரிகள் மூன்றாம் படிவம் முடித்தவரை எடுத்து டிப்ளோமா வரை கொண்டுபோகின்றன. ஏட்டுப் படிப்பு ஓடாத பையனுக்கு இது நல்ல வழி. விடுதி உண்டு, வேன் பிரச்சினை இல்லை. ஆனால் இணையம் வழி, குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செய்தி தோட்டத்துக்கு வந்து சேரும்போது நாள் முடிந்திருப்பதுதான் வழக்கமான சோகம்.

வசதியுள்ளவர் டியூஷனில் இந்தக் குறைகளைச் சரிக்கட்டுகிறார். சமூகம் தானாகச் செய்த முயற்சிகளும் உண்டு. 1982இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இந்திய மாணவர்களுக்குப் பல ஊர்களில் வகுப்பு நடத்திவருகிறது. பட்டணத்துக்கு வர முடிந்த பிள்ளைக்குத்தான் அதுவும்.

சரி, கட்டாயச் சட்டம் எதை மாற்றும்?

1. கடமை பெற்றோர் மேல். தொடக்கக் கல்விக்கு ஏற்கெனவே உள்ள விதிப்படி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இதே கடமை இனி இடைநிலைக்கும் நீள்கிறது. ஏற்கெனவே படிப்பை நிறுத்திவிட்ட பையனின் பெற்றோர் நாளைக்கே கைதாவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் "அவனுக்கு இஷ்டமில்லை, விட்டுட்டோம்" என்பது இனி பதிலாகாது.

2. பள்ளியின் பழைய வழக்கமும் இந்தச் சட்டமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. மூன்று நாள் தொடர்ந்தோ பத்து நாள் விட்டுவிட்டோ வராத பிள்ளைக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் போகும். பிறகு இரண்டாவது, கடைசி. அதற்கும் மசியாவிட்டால் பெயர் நீக்கம். வராத பிள்ளையை வரவைக்க வேண்டிய இடத்தில், வரவே வேண்டாம் என்று சொல்லும் நடைமுறை இது. கடிதம் மலாயில், தபாலில், பழைய லயத்து விலாசத்துக்குப் போகும். தாமானுக்குக் குடிமாறியபோது பள்ளியில் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக் கொடுக்காதவர்கள் இன்றே அதைச் செய்வது நல்லது.

3. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள். தோட்டப்புறத்தில் தாமதமாகப் பதிந்த, பதியவே பதியாத பிறப்புகள் இன்னும் இருக்கின்றன. சட்டம் கடமையைக் குடிமக்களான பெற்றோர் மேல் வைக்கிறது. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கடமையை நிறைவேற்றுவதே முதல் போராட்டம். தேசியப் பதிவிலாகாவில் கோப்பு நகரும்வரை வருடங்கள் ஓடிவிடும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். முதலாம் படிவப் பதிவு நாளில் அலையக்கூடாது.

4. மாலைப் பள்ளி, வேன், புகுமுக வகுப்பு மூன்றும் சட்டத்தில் இல்லை. இவை பள்ளியும் மாவட்டக் கல்வி அலுவலகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பேசித் தீர்க்க வேண்டியவை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாகச் சனிக்கிழமை காலையில் நடக்கும். தோட்டத்தில் சனிக்கிழமை வேலைநாள். தமிழ்ப் பெற்றோர் இல்லாத கூட்டத்தில் புதன்கிழமை வேன் பற்றி யார் எழுந்து கேட்பார்? கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் ஒரு தீர்மானம் அனுப்பலாம். ஆனால் எழுதித் தர ஒருவர் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இதை அமைதியாகச் செய்து கொடுக்கிறார்கள்.

5. எஸ்பிஎம் சான்றிதழ். எத்தனை ஏ எடுத்தாலும் மலாயில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். இரண்டையும் மறுதேர்வில் எழுதலாம். அதற்குத் தனிப்பட்ட தேர்வாளராகத் தானே பதிந்துகொள்ள வேண்டும். பள்ளி அவனுக்கு வகுப்பு நடத்தாது, ஞாபகப்படுத்தவும் செய்யாது, ஏனென்றால் அவன் அங்கே மாணவன் இல்லை. புகுமுக வகுப்பு வழியாக வந்து, 18 வயதில் வரலாற்றில் மட்டும் விழுந்த பிள்ளையைக் கட்டாயச் சட்டமும் கைகழுவிவிடும். அவன் பதிவு தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கட்டணத்தைக் கட்டி, பழைய வரலாற்று ஆசிரியரிடம் நோட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்க வேண்டியதுதான்.